சின்னச் சின்ன சி நிரல்கள்: ஓட்டும் முன் விடையை எழுதுங்கள்

சி மொழியைக் கற்க ஆரம்பிக்கும் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பட்டியலைத்தான் கடந்து வருகிறார்கள். திரையில் ஒரு வணக்கம், இரண்டு எண்களின் சராசரி, ஒற்றையா இரட்டையா, லீப் ஆண்டு, ஃபேக்டோரியல், பகா எண், இரண்டு மாறிகளை இடம் மாற்றுவது, ஒரு சொல்லின் நீளம். எல்லாம் பத்துப் பதினைந்து வரிக்குள் முடிகிற நிரல்கள். இவற்றில் நூறு நிரல்களைத் தட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததுக்கு ஓடுவதைவிட, பத்தே பத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஓட்டும் முன் அது என்ன காட்டும் என்று தாளில் எழுதிவிட்டு ஓட்டிப் பார்ப்பது பலமடங்கு பயன் தரும். எழுதியதும் திரையில் வந்ததும் வேறுவேறாக இருக்கும் இடத்தில்தான் மொழி உங்களுக்குப் புரிய ஆரம்பிக்கும்.

சி மொழிக்கு இந்த முறை மிகவும் பொருந்தும். அதற்குக் காரணம் அது பிறந்த விதம். 1970களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸ் என்ற அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி இந்த மொழியை உருவாக்கினார். யூனிக்ஸ் இயங்குதளத்தை எழுதுவதற்கான கருவியாகவே அது வளர்ந்தது. 1973-இல் யூனிக்ஸின் மையப்பகுதி சி மொழியிலேயே திரும்ப எழுதப்பட்டது. இயங்குதளம் எழுதுகிறவருக்கு வேகமும் மெமரியை நேரடியாகத் தொடும் வசதியும் வேண்டும். அதனால் சி உங்கள் பின்னாலேயே வந்து ஒவ்வொரு அடியையும் சரிபார்ப்பதில்லை. நீங்கள் எழுதியதை அப்படியே செய்துவிட்டுப் போய்விடும். எழுதியது ஒன்று, நினைத்தது ஒன்று என்றால் அதைக் கண்டுபிடிக்க வேண்டியது நீங்கள்தான்.

ஒரு விஷயத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் நிரல் வரிகளில் மாறிகளின் பெயர்களையும் மொழியின் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன், படித்துக்கொண்டே போக வசதியாக. கணினியில் தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள். அடைப்புக்குறி, அரைப்புள்ளி, சமக்குறி எல்லாம் இங்கே இருப்பது போலவே இருக்கட்டும்.

முதல் நிரல்

திரையில் ஒரு வரியைக் காட்டும் நிரலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேலே எஸ்டிடிஐஓ ஹெடர் கோப்பைச் சேர்க்கும் வரி இருக்கும். திரையில் காட்டும் பிரின்ட்எஃப் என்ற ஃபங்ஷனை (பெயர் சொல்லி அழைக்கக்கூடிய நிரல் பகுதியை) எப்படி அழைக்க வேண்டும் என்ற தகவல் அதற்குள் இருக்கிறது. பிறகு மெயின். நிரல் எங்கே எழுதப்பட்டிருந்தாலும் ஓட்டம் மெயினில்தான் தொடங்கும். உள்ளே பிரின்ட்எஃப் வரி, கடைசியில் ரிட்டர்ன் 0. இந்தச் சுழியம் இயங்குதளத்துக்குப் போகிற செய்தி: எல்லாம் ஒழுங்காக முடிந்தது என்று பொருள்.

பழைய பாடக் குறிப்புகளில் மெயினுக்கு முன்னால் வாய்ட் (எதையும் திருப்பித் தராது என்று பொருள்) என்று போட்டிருப்பார்கள். கோனியோ என்ற ஹெடரும், திரையைத் துடைக்கும் ஒரு வரியும், கடைசியில் ஒரு விசைக்காகக் காத்திருக்கும் கெட்ச் என்ற வரியும் இருக்கும். இவை டர்போ சி என்ற பழைய கம்பைலர் (நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) இருந்த காலத்துப் பழக்கங்கள். சி மொழியின் தரநிலையில் கோனியோ கிடையாது. இன்றைய கம்பைலரில் அந்த வரிகளைப் போட்டால் பெரும்பாலும் பிழைதான் வரும். இன்ட் மெயின் என்று எழுதப் பழகிக்கொள்ளுங்கள்.

ஜிசிசி கம்பைலர் பயன்படுத்துகிறீர்கள் என்றால், கட்டளையில் ஒரு கழித்தல் குறி போட்டு, பெரிய டபிள்யூ, சிறிய ஏ, எல், எல் என்று ஒட்டித் தட்டுங்கள். அது கம்பைலரின் எச்சரிக்கைகளில் முக்கியமானவற்றை இயக்கிவிடும். கீழே சொல்லப்போகும் தவறுகளில் சிலவற்றை அதுவே சுட்டிக்காட்டும். ஆரம்பநிலையில் இருப்பவருக்கு இதைவிட நல்ல துணை கிடையாது என்பேன்.

இரண்டு எண்களின் சராசரி

இன்ட் அ = 7, ஆ = 8;
ஃப்ளோட் சராசரி;
சராசரி = (அ + ஆ) / 2;

இன்ட் என்பது முழு எண்ணுக்கான வகை, ஃப்ளோட் என்பது தசம எண்ணுக்கான வகை. சராசரி எவ்வளவு? தாளில் எழுதுங்கள். 7.5 என்று எழுதியிருந்தால், நிரலை ஓட்டிப் பாருங்கள். 7 தான் வரும், திரையில் 7.000000 என்று காட்டும்.

சராசரி என்ற மாறி ஃப்ளோட் வகைதானே, தசமத்தை ஏற்குமே என்று தோன்றும். ஆனால் சமக்குறியின் வலப்பக்கம் முதலில் முழுதாகக் கணக்கிடப்படுகிறது. அங்கே 15-உம் முழு எண், 2-உம் முழு எண். இரண்டு முழு எண்களை வகுத்தால் சி மொழியில் விடையும் முழு எண்தான், மீதி கழித்துக்கட்டப்படும். அப்படிக் கிடைத்த 7 தான் ஃப்ளோட் மாறிக்குள் போகிறது. 2 என்பதற்குப் பதில் 2.0 என்று எழுதுங்கள், 7.5 வந்துவிடும். வகுக்கும் இரண்டில் ஒன்று தசம எண்ணாக இருந்தாலே கணக்குத் தசமத்தில் நடக்கும்.

இன்னொன்றையும் கூடவே செய்து பாருங்கள். ஃப்ளோட் வகையில் ஒரு மாறிக்கு 0.1 என்று மதிப்புத் தந்து, அடுத்த வரியில் அது 0.1-க்குச் சமமா என்று இஃப் போட்டுக் கேளுங்கள். இல்லை என்று வரும். 0.1-ஐ இருமத்தில், அதாவது கணினி பயன்படுத்தும் 0, 1 மட்டுமே கொண்ட எண்முறையில், துல்லியமாக எழுத முடியாது, பத்து அடிமானத்தில் மூன்றில் ஒன்றைத் துல்லியமாக எழுத முடியாத மாதிரி. ஃப்ளோட் மாறியில் இருப்பது ஒரு தோராயம். நிரலில் வெறுமனே எழுதிய 0.1 என்பது டபுள் வகை, அதைவிட நுணுக்கமான இன்னொரு தோராயம். இரண்டும் சமமில்லை. 0.1-க்குப் பதில் 0.5 என்று மாற்றினால் ஆம் என்று வரும், ஏனென்றால் பாதி என்பது இருமத்தில் துல்லியமாக அமையும். தசம எண்களை இரட்டைச் சமக்குறியால் (சமமா என்று கேட்கும் == குறி) ஒப்பிடக் கூடாது என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஒன்று முதல் ஐந்து வரை

இன்ட் எண், மொத்தம் = 0;
ஃபார் (எண் = 1; எண் <= 5; எண்++)
    மொத்தம் = மொத்தம் + எண்;

இதன் விடை 15 என்பதில் சிக்கல் இல்லை. இதைக் கையால் ஓட்டிப் பாருங்கள். தாளில் எண், மொத்தம் என்று இரண்டு பத்திகள் போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் மதிப்பு என்ன ஆகிறது என்று எழுதுங்கள். 1, 1. 2, 3. 3, 6. 4, 10. 5, 15. அப்புறம்? இந்த லூப் (திரும்பத் திரும்ப நடக்கும் சுற்று) முடிந்த பிறகு எண் என்ற மாறியில் என்ன இருக்கும்? 5 என்று பலர் எழுதுவார்கள். 6 தான் இருக்கும். ஐந்தாவது சுற்று முடிந்ததும் எண் ஒன்று கூடி 6 ஆகிறது, 6 என்பது 5-க்குள் இல்லை என்று தெரிந்த பிறகுதான் லூப் நிற்கிறது.

இப்போது ஃபார் வரியின் இறுதியில், அடைப்புக்குறிக்கு வெளியே, ஓர் அரைப்புள்ளி வையுங்கள். கம்பைலர் அதைப் பிழை என்று சொல்லாது. விடை என்ன வரும்? கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

6 வரும். அந்த அரைப்புள்ளியோடு ஃபார் முடிந்துவிட்டது. லூப் ஐந்து முறை சுற்றியது, ஒவ்வொரு முறையும் ஒன்றுமே செய்யவில்லை. வெளியே வரும்போது எண் 6. கூட்டல் வரி ஒரே ஒரு முறை நடந்தது: சுழியமும் ஆறும் சேர்ந்து ஆறு. கையால் ஓட்டிப் பழகியவருக்கு இந்த 6-ஐப் பார்த்த உடனே காரணம் தெரிந்துவிடும்.

மொத்தம் = 0 என்பதை எடுத்துவிட்டாலும் நிரல் கம்பைல் ஆகும். ஆனால் ஃபங்ஷனுக்குள் அறிவித்த சாதாரண மாறியை சி தானாகச் சுழியமாக்காது. அந்த மெமரி இடத்தில் முன்பு என்ன கிடந்ததோ, அது இருக்கலாம். சில நேரம் அது சுழியமாகவே அமைந்து, நிரல் சரியாக ஓடுவது போலவும் தோன்றும். அதுதான் இதில் மோசமான பகுதி.

ஒற்றையா, இரட்டையா

ஓர் எண்ணை 2-ஆல் வகுத்து மீதி 1 வந்தால் ஒற்றை என்பது எல்லோருக்கும் தெரியும். மீதியைத் தர சி மொழியில் % குறி இருக்கிறது. எனவே,

இஃப் (எண் % 2 == 1)

என்று எழுதுவோம். 7 கொடுத்தால் ஒற்றை, 10 கொடுத்தால் இரட்டை. -7 கொடுங்கள். இரட்டை என்று சொல்லும்!

1999-ஆம் ஆண்டுத் தரநிலையிலிருந்து, வகுத்தலின் விடை சுழியத்தை நோக்கி வெட்டப்படும் என்று சி உறுதியாகச் சொல்கிறது. -7-ஐ 2-ஆல் வகுத்தால் -3.5, சுழியத்தை நோக்கி வெட்டினால் -3. இரண்டால் பெருக்கினால் -6. -7-க்கு வர இன்னும் -1 வேண்டும். ஆக மீதி -1; அது 1-க்குச் சமமில்லை. மீதி சுழியமா இல்லையா என்று மட்டும் கேட்டால் சிக்கல் தீர்ந்தது: எண் % 2 != 0.

இதே நிரலில் இன்னொரு பிரபலமான குழி இருக்கிறது. இரட்டைச் சமக்குறிக்குப் பதில் ஒற்றைச் சமக்குறி. இஃப் (எண் = 5) என்று எழுதினால், அது ஒப்பிடாது; எண்ணில் 5-ஐ வைத்துவிட்டு, வைத்த அந்த 5-ஐயே நிபந்தனையின் மதிப்பாக எடுத்துக்கொள்ளும். சி மொழியில் சுழியம் அல்லாத எதுவும் உண்மை. ஆகவே பயனர் எதைத் தட்டினாலும் இஃப் உள்ளே போகும், போதாததற்கு அவர் தட்டிய எண்ணும் அழிந்துவிடும். முன்னால் சொன்ன எச்சரிக்கை விருப்பம் இதைப் பிடித்துக்கொடுக்கும்.

லீப் ஆண்டு நிரலைச் சட்டென்று கடந்துவிடலாம். 1582-இல் வந்த கிரெகோரியன் நாட்காட்டியின் விதி இது: 4-ஆல் வகுபட வேண்டும், ஆனால் 100-ஆல் வகுபடுவது லீப் ஆண்டு ஆகாது, அதிலும் 400-ஆல் வகுபட்டால் ஆகும். சோதிக்க நான்கு ஆண்டுகள் போதும்: 2023, 2024, 1900, 2000. முதலாவதும் மூன்றாவதும் லீப் ஆண்டு அல்ல, மற்ற இரண்டும் லீப் ஆண்டுகள். ஒவ்வொரு ஆண்டும் விதியின் ஒரு கிளையைத் தொடுகிறது. 2024-ஐ மட்டும் கொடுத்துப் பார்த்துவிட்டு நிரல் சரி என்று முடிவு செய்தால், மற்ற மூன்று கிளைகளையும் நீங்கள் பார்க்கவே இல்லை.

ஃபேக்டோரியல்: பெருகப் பெருக

இன்ட் எண், விடை = 1;
ஃபார் (எண் = 2; எண் <= எல்லை; எண்++)
    விடை = விடை * எண்;

எல்லை என்பது பயனர் தரும் எண்; 1 முதல் அதுவரையுள்ள எல்லா எண்களையும் பெருக்கினால் வருவது அதன் ஃபேக்டோரியல். 5-க்கு 120. 10-க்கு 3628800. 12-க்கு 479001600. எல்லாம் சரி. 13-க்கு என்ன வர வேண்டும்? 12-க்கு வந்ததை 13-ஆல் பெருக்குங்கள்: 6227020800. நிரல் காட்டுவது பெரும்பாலும் 1932053504.

இந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இன்றைய கணினிகளில் இன்ட் மாறிக்கு வழக்கமாக 32 பிட் இடம்; ஒரு பிட் 0 அல்லது 1-ஐக் கொள்ளும். எதிர்மறை எண்களுக்கும் அதிலேயே இடம் வேண்டும் என்பதால், அது கொள்ளக்கூடிய மிகப் பெரிய எண் 2147483647. அதற்கு மேல் போனால் மேலே நிற்கும் பிட்டுகள் விழுந்துவிடுகின்றன. 32 பிட்டுகளால் மொத்தம் 4294967296 வெவ்வேறு நிலைகளைக் குறிக்கலாம். 6227020800-இலிருந்து அதைக் கழித்துப் பாருங்கள்: 1932053504. திரையில் வந்த எண்ணேதான்.

இங்கே கவனிக்க வேண்டியது, தவறான அந்த விடை பார்ப்பதற்கு நியாயமான எண்ணாக இருக்கிறது என்பதுதான். 14, 15, 16-க்கும் இதே போல நேர்மறை எண்களே வரும். 17-இல்தான் -288522240 என்று எதிர்மறை எண் வந்து நம்மை விழிக்க வைக்கும். மைனஸ் குறி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர் அதற்குள் நான்கு தவறான விடைகளை நம்பியிருப்பார்.

டர்போ சி-யில் இன்ட் 16 பிட்தான்; உச்சம் 32767. அங்கே 8-க்கே நிரல் தடுமாறும்: 40320-க்குப் பதில் -25216 காட்டும். 40320-இலிருந்து 65536-ஐக் கழித்தால் அது. அதே நிரல், இரண்டு கம்பைலர், தடுமாறும் இடம் வேறு. இன்ட் எத்தனை பிட் என்று சி மொழி ஒரே அளவாக வரையறுக்கவில்லை, குறைந்தது 16 என்று மட்டும் சொல்கிறது.

பெரும்பாலும் வரும் என்று மேலே சொன்னதற்கும் காரணம் உண்டு. குறியுள்ள முழு எண் தன் எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்று சி தரநிலை எந்த உறுதியும் தரவில்லை. நடைமுறையில் மேல் பிட்டுகள் விழுவதைத்தான் வழக்கமாகப் பார்ப்போம்; ஆனால் கம்பைலர் வேகத்துக்காக நிரலை மாற்றியமைக்கும்போது வேறு எதுவும் நடக்கலாம். அதை நம்பி நிரல் எழுதக் கூடாது. மாறியின் வகையை லாங் லாங் என்று மாற்றினால் 20 வரை போகலாம், 20-க்கு 2432902008176640000. 21-க்கு அதுவும் போதாது.

பகா எண்

ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க, 2 முதல் அதற்கு முந்தைய எண் வரை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது முதல் முயற்சி. அது தவறில்லை, மெதுவானது. 97-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு எண்களைப் பெருக்கி 97 வருகிறது என்றால், இரண்டும் ஒருசேர 10 அல்லது அதற்கு மேல் இருக்க முடியாது. இருந்தால் பெருக்கல் 100-ஐத் தொட்டுவிடும் அல்லது தாண்டிவிடும். எனவே 9 வரை பார்த்தால் போதும். பொதுவாக, வகுக்கும் எண்ணின் வர்க்கம் கொடுத்த எண்ணைத் தாண்டும் வரை பார்க்க வேண்டும்.

ஃபார் (வகு = 2; வகு * வகு <= எண்; வகு++)

இதைத்தான் எல்லா இடத்திலும் காண்பீர்கள். இப்போது ஃபேக்டோரியலில் பார்த்ததை இங்கே கொண்டுவாருங்கள். எண் 2147483647 என்றால்? அது பகா எண் என்பதால் லூப் இடையில் நிற்க வழியில்லை. வகு 46340 ஆகும்போது வர்க்கம் 2147395600, எல்லைக்குள் இருக்கிறது. 46341 ஆனதும் வர்க்கம் 2147488281, இன்ட் கொள்ளாது. நிபந்தனை பொய்யாக வேண்டிய அந்த இடத்தில்தான் கணக்கு உடைகிறது. பெருக்கலை வகுத்தலாக மாற்றி, வகு <= எண் / வகு என்று எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. எண் 1-ஐத் தனியாகக் கவனியுங்கள்: லூப் ஒருமுறைகூடச் சுற்றாது, பகா எண் என்று நிரல் சொல்லிவிடும், 1 பகா எண் இல்லை.

மீப்பெரு பொதுக் காரணி நிரலும் இதே குடும்பம். 48, 18 என்று கொடுத்து யூக்ளிட் முறையைக் கையால் ஓட்டிப் பாருங்கள்: 48-ஐ 18-ஆல் வகுத்தால் மீதி 12, 18-ஐ 12-ஆல் வகுத்தால் மீதி 6, 12-ஐ 6-ஆல் வகுத்தால் மீதி 0. விடை 6. ஈராயிரம் ஆண்டுகளைத் தாண்டிய முறை, மூன்றே வரி லூப்பில் அடங்கிவிடுகிறது. எனக்கு இந்தப் பட்டியலிலேயே மிகவும் பிடித்த நிரல் இதுதான்.

இடம் மாற்றுதல்

அ-வில் 3, ஆ-வில் 8. இரண்டையும் மாற்ற வேண்டும். அ = ஆ என்று எழுதிய கணமே 3 தொலைந்துவிடும் என்பதால் மூன்றாவது மாறி ஒன்று தேவை. இதுவரை எளிது. இப்போது அந்த மூன்று வரிகளையும் ஒரு ஃபங்ஷனாக எழுதுவோம்.

வாய்ட் மாற்று(இன்ட் அ, இன்ட் ஆ)
{
    இன்ட் தற்காலிகம் = அ;
    அ = ஆ;
    ஆ = தற்காலிகம்;
}

மெயினில் முதல் = 3, இரண்டாவது = 8 என்று வைத்து, மாற்று(முதல், இரண்டாவது) என்று அழைத்துவிட்டு இரண்டையும் அச்சிடுங்கள். என்ன வரும்? 3, 8. எதுவுமே மாறவில்லை. ஃபங்ஷனுக்குள்ளேயே அச்சிட்டுப் பார்த்தால் அங்கே 8, 3 என்று மாறியிருக்கும்.

சி மொழியில் ஃபங்ஷனை அழைக்கும்போது மதிப்புகள் பிரதி எடுக்கப்பட்டு உள்ளே போகின்றன. சான்றிதழின் ஜெராக்ஸ் பிரதியில் பேனாவால் திருத்தினால் அசலில் எதுவும் மாறாது அல்லவா, அதுதான் இங்கே நடந்தது. உள்ளே இருக்கும் அ என்பது தனி இடம். ஃபங்ஷன் முடிந்ததும் அந்த இடம் போய்விடும்.

அசலை மாற்ற வேண்டும் என்றால், அசல் மெமரியில் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லி அனுப்ப வேண்டும். ஒரு மாறியின் முன்னால் & போட்டால் அதன் முகவரி கிடைக்கும். முகவரியை வைத்துக்கொள்ளும் மாறிக்குப் பாயின்டர் என்று பெயர். பாயின்டரின் முன்னால் * போட்டால், அந்த முகவரியில் இருக்கும் பொருளையே தொடுகிறோம்.

வாய்ட் மாற்று(இன்ட் *அ, இன்ட் *ஆ)
{
    இன்ட் தற்காலிகம் = *அ;
    *அ = *ஆ;
    *ஆ = தற்காலிகம்;
}

அழைப்பது இப்படி: மாற்று(&முதல், &இரண்டாவது). இப்போது 8, 3 வரும். இங்கேயும் பிரதிதான் போகிறது, ஆனால் முகவரியின் பிரதி. முகவரியைப் பிரதி எடுத்தாலும் அது காட்டும் இடம் ஒன்றேதான்.

இது புரிந்ததும் இன்னொரு பழைய கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். பிரின்ட்எஃப்பில் மாறியின் பெயரை மட்டும் எழுதுகிறோம், ஸ்கேன்எஃப்பில் மட்டும் ஏன் முன்னால் & போடுகிறோம்? பிரின்ட்எஃப் மதிப்பைப் படித்துக் காட்டினால் போதும், பிரதியே போதுமானது. ஸ்கேன்எஃப் உங்கள் மாறிக்குள் புதிதாக எழுத வேண்டும். எங்கே எழுதுவது என்று தெரிய வேண்டும். பலர் இந்தக் குறியைச் சடங்கு போல மனப்பாடம் செய்துகொண்டு, ஒருநாள் விட்டுவிட்டு, நிரல் பொசுக்கென்று நிற்கும்போது திகைக்கிறார்கள். குறியை விட்டால் மாறியில் கிடக்கும் ஏதோ ஓர் எண்ணை முகவரி என்று நினைத்து ஸ்கேன்எஃப் அங்கே எழுதப் போகிறது, அவ்வளவுதான். ஸ்கேன்எஃப், தான் எத்தனை மதிப்புகளை வெற்றிகரமாகப் படித்தது என்பதையும் திருப்பித் தருகிறது. எண் கேட்ட இடத்தில் பயனர் எழுத்தைத் தட்டினால் அது 0 தரும், மாறியும் மாறாது. அதைச் சோதிக்கும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே பிடித்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது மாறி இல்லாமல், கூட்டியும் கழித்தும் இடம் மாற்றும் வித்தையைத் தேர்வுகளில் கேட்பார்கள். புதிர் என்ற அளவில் ரசிக்கலாம். நிரலில் போட வேண்டாம். பெரிய எண்களைக் கூட்டினால் இன்ட் எல்லை தாண்டும். பாயின்டர் இரண்டும் ஒரே மாறியைக் காட்டினால் விடை சுழியமாகிவிடும். தாளில் ஓட்டிப் பாருங்கள், இரண்டாவது வரியிலேயே மதிப்பு அழிந்துவிடுவது தெரியும்.

அரேயும் சொல்லின் நீளமும்

ஒரே வகை மதிப்புகளை வரிசையாக வைத்துக்கொள்வது அரே. ஐந்து எண்கள் கொண்ட அரேயில் இடங்கள் 0 முதல் 4 வரை. லூப்பை <= 5 என்று எழுதினால் அது இல்லாத ஆறாவது இடத்தைத் தொடும். சி தடுக்காது, பிழை காட்டும் என்ற உறுதியும் இல்லை. அரேக்கு அடுத்துக் கிடக்கும் மெமரியைப் படிக்கும், எழுதச் சொன்னால் எழுதும்.

எழுத்துச் சரம் என்பது சார் வகை (ஒரு பைட் கொள்ளும் வகை) அரே. அதன் முடிவைக் காட்ட, கடைசியில் மதிப்பு சுழியமாக உள்ள ஒரு பைட் இருக்கும். நீளத்தைச் சொல்லும் எஸ்டிஆர்லென் ஃபங்ஷன் செய்வது இவ்வளவுதான்: தொடக்கத்திலிருந்து சுழியம் வரும் வரை பைட்டுகளை எண்ணுகிறது. இதை நீங்களே ஒரு வைல் லூப்பில் எழுதிவிடலாம். பயனரிடம் சரம் வாங்கும்போது எஃப்கெட்ஸ் பயன்படுத்துங்கள், அது அரேயின் அளவைக் கேட்டு அதற்குள் நின்றுகொள்ளும். அளவைக் கேட்காத கெட்ஸ் என்ற பழைய ஃபங்ஷன் 2011 தரநிலையில் நீக்கப்பட்டுவிட்டது.

சரி, "தமிழ்" என்ற சொல்லை எஸ்டிஆர்லென்னுக்குக் கொடுங்கள். எவ்வளவு வரும்? 3 என்று எழுதுவீர்கள். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்த நிரலில் 15 வரும்.

பல மொழி எழுத்துகளுக்கும் குறியீட்டு எண் தரும் யூனிகோடில் இந்தச் சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாக இருக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். ஐந்து மூன்று பதினைந்து. முடிவுச் சுழியத்தோடு சேர்த்து அரேயில் 16 இடம் வேண்டும். "த" என்ற ஓர் எழுத்தின் பைட்டுகளை அச்சிட்டால் 224, 174, 164 வர வேண்டும். ஆனால் பலருடைய கணினியில் -32, -82, -92 என்று வரும். அங்கே சார் வகை குறியுள்ளது, -128 முதல் 127 வரைதான் கொள்ளும். மாறியை அன்சைன்ட் சார் என்று அறிவித்தால் முதலில் சொன்ன எண்கள் கிடைக்கும். சொல்லைத் தலைகீழாக்கும் பாடநூல் நிரலில் தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் ஏன் திரையில் கேள்விக்குறிகளும் கட்டங்களும் வருகின்றன என்பதும் இதிலிருந்தே தெரியும்: பைட்டுகள் தனித்தனியாகத் திரும்பிவிட்டன, மூன்று மூன்றாகச் சேர்ந்திருக்கவில்லை.

இங்கிருந்து நீங்களே எழுத ஒரு நல்ல நிரல் கிடைக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒரு குறியீட்டின் தொடர்ச்சியாக வரும் பைட்டுகள் எல்லாம் 128 முதல் 191 வரையான மதிப்புகளே. அவற்றை விட்டுவிட்டு மற்ற பைட்டுகளை மட்டும் எண்ணினால் "தமிழ்" என்பதற்கு 5 வரும். அடுத்து, மூன்று பைட்டுகளையும் சேர்த்துக் குறியீட்டு எண்ணைக் கணக்கிட்டு, அது 3006 முதல் 3021 வரை இருந்தால் எண்ணாமல் விடுங்கள். துணைக்கால் முதல் புள்ளி வரையுள்ள சார்புக் குறிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. இப்போது 3 வரும். ஓட்டிப் பார்க்கும் முன் "கற்றது", "யாழ்", "பொன்னி" ஆகிய மூன்றுக்கும் பைட், குறியீடு, எழுத்து என்று மூன்று எண்ணிக்கைகளையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.